இரண்டாவது புகை

சைதாப்பேட்டை,
2 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சந்திரிகா மேடம் அவர்களுக்கு,

இறைவன் அருளால் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் ஷரஃபுதீனின் மனைவி ஜஹீதா. அவர் இறந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பெண்கள் இருந்த அறையில் சுவரோரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். கொடுத்த தேநீர் ஆடை கட்டிப்போனது. புறப்படும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள்: "அன்னிக்கு ராத்திரி பூரா மிஷின் ஓடிக்கிட்டேதான் இருந்ததுங்க." மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுவதும் என் காதில் விழுந்த பேச்சு அது ஒன்றுதான்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கணவரை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருக்கிற இத்தாவில் இருக்கிறேன். அந்தக் காலம் முடியும்வரை வெளியே வருவதில்லை. அது மட்டுமில்லை, போனைக் கையில் எடுக்கவே முடியவில்லை. அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், பேனா பிடிக்க வருகிறது. சைதாப்பேட்டையிலிருந்து பட்டினப்பாக்கம் பஸ்ஸில் அரை மணி, தபாலில் மூன்று நாள் என்றார்கள். பரவாயில்லை.

ஒரு கேள்வி. காற்றில் இருக்கிற கரியை அளக்கிற மிஷின் என்று அவர் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். எனக்கு ஏறியதே இல்லை. ராப்பகலாக அது எதையாவது பதிந்துகொண்டே இருக்கும் என்பது மட்டும் தெரியும். பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறாரா, இல்லையா என்பதையும் அது பதியுமா?

கேட்கக் கூடாத கேள்வியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜஹீதா ஷரஃபுதீன்


கடலோரக் காற்று ஆய்வு நிலையம்,
பட்டினப்பாக்கம்,
8 ஜூலை 2025

அன்புள்ள ஜஹீதா,

கடிதம் கிடைத்தது. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. அன்று நான் சொன்னது என்ன என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மன்னியுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், இல்லை. மொட்டைமாடியில் ஒரு குழாய் நிற்கிறது. கருவி அதன் வழியாகக் காற்றை உறிஞ்சி, கீழே அறையில் உள்ள ஒரு வெள்ளை நாடாவின் மேல் விடும். காற்றில் கரித்துகள் இருந்தால் நாடாவில் கறை படியும். கறைக்குள் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு மங்குகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும். அவ்வளவுதான் அதன் வேலை. சாந்தோம் நெடுஞ்சாலையில் போகும் பஸ், குப்பத்தில் எரியும் விறகு, போகியன்று டயர், எல்லாமே அதற்குக் கரி. கடற்காற்று வீசும் நேரத்தில் நாடா ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். கடலில் எரிய என்ன இருக்கிறது?

அவருடைய சாப்பாட்டுப் பை, தொழுகை விரிப்பு, படிக்கும் கண்ணாடி மூன்றும் என் அறையில் இருக்கின்றன. யாரையாவது அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன்.

"இல்லை" என்று எழுதிவிட்டுக் கடிதத்தை ஒட்டப் போனேன். ஒட்ட முடியவில்லை. அது முழுப் பதில் இல்லை. ஆனால் மீதிப் பதில், அவர் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைத் தொடுகிறது. பெரிய விஷயமில்லை. இருந்தாலும் அதைச் சொல்கிற உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. வேண்டுமென்றால் எழுதுங்கள்.

சந்திரிகா


சைதாப்பேட்டை,
13 ஜூலை 2025

அன்புள்ள சந்திரிகா மேடம்,

சிகரெட்தானே?

ஸ்டென்ட் வைத்த அன்று என் தலையில் கைவைத்து விட்டுவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு தினமும் வாயில் சோம்பை மென்றுகொண்டு வீட்டுக்குள் நுழைவார். காலையில் நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்ட மனிதருக்கு ராத்திரி எதற்குச் சோம்பு? நானும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அவருக்கு அது வராது. காதெல்லாம் சிவந்துவிடும்.

ஆக, அவருடைய சிகரெட்டை மிஷின் பதிந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஜூன் மூன்றாம் தேதி சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு போனில் எங்களுக்குச் சண்டை. பெருநாள் நெருங்கிவிட்டது. மகள் ஜுவேரியாவைப் பாண்டி பஜார் கூட்டிப்போய்த் துணி எடுத்துத் தருகிறேன் என்று அவர்தான் சொல்லியிருந்தார். திடீரென்று மிஷினில் ஏதோ சரிபார்ப்பு, ராத்திரி அங்கேயே தங்க வேண்டும் என்றார். "அப்ப பெருநாளும் அங்கேயே வெச்சுக்குங்க, இனிமே இந்த வீட்டுக்கு வர வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜுவேரியா பக்கத்தில் நின்றிருந்தாள்.

என் வார்த்தையால் அவர் நெஞ்சு நின்றது என்று நினைக்கிற அளவுக்கு நான் அறிவில்லாதவள் இல்லை. இதைவிட மோசமாகவெல்லாம் கேட்டவர். "முடிஞ்சுதா டீச்சர்?" என்று சிரிப்பார். என் பிரச்சினை வேறு. ராத்திரி இஷா தொழுதுவிட்டு நான் திரும்பக் கூப்பிட்டேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான். முழுக்க அடித்து நின்றது. இன்னொரு தடவையும் அடித்தேன். எடுக்கவில்லை. கோபம், காலையில் வருவார் என்று படுத்துவிட்டேன். காலையில் பெருக்க வந்த உங்கள் முனியம்மாள்தான் மாடியில் அவரைப் பார்த்திருக்கிறாள். போன் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவர் என் போனை எடுக்காமல் விட்டதே கிடையாது, மேடம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு எடுத்தவர். அன்று என் பெயரைப் பார்த்தும் எடுக்காமல் விட்டாரா, இல்லை எடுக்க அவரே இல்லையா? டாக்டர் "சாயங்காலமோ ராத்திரியோ" என்று முடித்துவிட்டார். ஜுவேரியாவுக்குச் சந்தேகமே இல்லை. "அத்தா உங்ககிட்ட பேசவே பிடிக்காமதான் போயிருக்காங்க" என்றாள். அவருடைய தங்கை ரூபீனா அசோக் நகரில் இருக்கிறாள், ஜுவேரியா அங்கே போய்விட்டாள். அங்கிருந்தே கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

பார்த்துச் சொல்வீர்களா?

ஜஹீதா


பட்டினப்பாக்கம்,
21 ஜூலை 2025

அன்புள்ள ஜஹீதா,

பார்த்தேன்.

முதலில் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். மாடியில் கடல் பக்கம் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. ஷரஃபுதீன் அதில்தான் உட்காருவார். கடற்காற்று அவரைத் தாண்டி நேராக எங்கள் குழாய்க்கு வரும். "இவ்வளவு பெரிய மாடியில அந்த இடம்தானா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "காத்து அங்கதான் மேடம் நல்லா வருது" என்பார். கோடு சமமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி குத்தியதுபோல் ஓர் ஏற்றம் வரும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். புகையிலைப் புகை ஊதாப் பக்கத்து ஒளியை அதிகம் விழுங்கும். அதனால் பஸ் புகையோடு குழம்ப வழியில்லை. மறுநாள் காலை அவரே வந்து உட்கார்ந்து, அந்த நிமிடங்களை மட்டும் "உள்ளூர்ப் புகை" என்று குறித்து, கணக்கிலிருந்து நீக்கிவிடுவார். யாருடைய புகை என்று எழுத மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

பிப்ரவரியிலிருந்து மே முடியப் பார்த்தேன். மாலையில் இரண்டு ஏற்றங்கள். டீ குடித்ததும் ஒன்று. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுததும் ஒன்று. அவர் விடுப்பில் இருந்த நாட்களும் நோன்பு மாதமும் தவிர ஒரு நாளும் இரண்டில் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஜூன் மூன்றாம் தேதி முதல் ஏற்றம் இருக்கிறது. உங்கள் சண்டைக்குச் சற்றுப் பின்னால். மற்ற நாட்களைப் போலவே அதே அகலம், அதே உயரம். பதற்றமாக இழுத்த சிகரெட் அல்ல, நிதானமாகப் பிடித்தது. இரண்டாவது இல்லை.

மஃரிபுக்குப் பின் வர வேண்டியது வரவில்லை. நீங்கள் கூப்பிட்டது இஷாவுக்குப் பின். உங்கள் அழைப்பு வந்தபோது அதை எடுக்க அங்கே யாரும் இல்லை, ஜஹீதா. அவர் மறுக்கவில்லை.

ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அவரைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

சந்திரிகா


சைதாப்பேட்டை,
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இனி உங்களை மேடம் என்று எழுத வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ஷகீலாவைக் கூப்பிட்டு, ரூபீனாவுக்குப் போன் போடச் சொன்னேன். ஜுவேரியா சாயங்காலமே வந்தாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு, "காட்டுங்க" என்றாள். செருப்பைக் கழற்றாமலே படித்தாள்.

"இவங்க யாரு? அன்னிக்கு வந்தாங்களே, அந்தச் சிரிக்காத மேடமா?"

"அவங்கதான்."

"அப்ப உண்மையாத்தான் இருக்கும்."

செருப்பைக் கழற்றினாள். அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "என்னம்மா இருக்கு, பசிக்குது" என்றாள். ஒன்றுமே இல்லை அக்கா, ரசம்தான் இருந்தது. அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு என் மடியில் படுத்து அழுதாள். அவர் இறந்ததிலிருந்து அன்றுதான் அவள் அழுதாள். ராத்திரி ரூபீனா வீட்டிலிருந்து அவள் பை வந்துவிட்டது.

நானும் தூங்கினேன். இவ்வளவு நாளும், இஷா முடிந்து தொழுகை விரிப்பை மடிக்கிற நேரத்தில் எனக்குள் அந்த மணி அடிக்கத் தொடங்கும். எடுக்காத போன் மணி. அது நின்றுவிட்டது. நேற்று அலமாரியிலிருந்து போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. திரையில் அவர் படம் இருக்கிறது, பார்க்க முடிகிறது.

இரண்டாவது சிகரெட்டைப் பிடிக்காமல் போனாரே என்று ஒரு பக்கம் வருத்தமாகக்கூட இருக்கிறது. சிரிக்காதீர்கள். நீங்கள் எங்கே சிரிக்கப் போகிறீர்கள்.

என்றும் உங்கள்,
ஜஹீதா


பட்டினப்பாக்கம்,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜஹீதா,

ஜுவேரியா வந்துவிட்டாள் என்பதைப் படித்தேன். நல்லது. என்னை அக்கா என்று கூப்பிட இதுவரை யாரும் இருந்ததில்லை. பழகிக்கொள்கிறேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று வரவில்லை.

அவர் பார்த்துவந்த தரவுச் சுத்தம் இப்போது என் தலையில். ஜூன், ஜூலை மாதங்களை எடுத்து உட்கார்ந்தேன். ஜூன் நடுவிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில், அதே ஏற்றம். அதே நேரத்தில், ஊதாப் பக்கம் சாய்ந்து, ஊசி குத்தியதுபோல். எல்லா நாளும் இல்லை, சில நாள் மட்டும். அவர் அடக்கமான பிறகு, ஜஹீதா.

நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. பேய், ஆவி என்றால் எழுந்து போய்விடுவேன். ஆனால் அன்று அறையில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே காது கொடுத்துக் கேட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். கருவியின் பம்பு ஓடும் சத்தம்தான் கேட்டது. மறுநாள் மாலை, திரையில் கோடு ஏறத் தொடங்கியதும் படியேறினேன்.

குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் முனியம்மாள். பூத்தொட்டி மண்ணில் ஓர் ஊதுபத்தி.

"இன்னா மேடம், மூச்சு வாங்குது? லிப்டா கீது இங்க, மெதுவா வரக் கூடாதா?"

"என்ன முனியம்மா இது?"

"ஊதுபத்திமா. தெரியல?"

"இங்க எதையும் கொளுத்தக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே."

"போர்டு இங்கிலீஸ்ல கீது. எங்கிட்ட வந்து கேக்கிறியே! சாரு இங்கதான் குந்திக்கினு தெனம் ஊதுவாரு, அப்ப உன் போர்டு எங்க போச்சாம்?"

"அவங்க முஸ்லிம். அவங்களுக்கு இதெல்லாம் கிடையாது."

"தர்காவுல கொளுத்தறாங்களே, நான் பாக்கல? போமா. மனுசன் குந்தின எடம் இருட்டிக்கினு கெடக்குது, ஒரு பத்தி வெச்சா உன் மிஷினுக்கு இன்னா, இருமலா வந்துடும்?"

எத்தனை நாளாக என்றேன். பெருநாளுக்கு அப்புறத்திலிருந்து தினமும், ஒரு நாள் விட்டதில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யப் பார்த்தாள். தினமும் என்பது பொய். பாதி நாட்கள்கூட என் கோட்டில் இல்லை. இருந்தாலும் நான் வாதாடவில்லை. நாளையிலிருந்து கீழே வாசல் பக்கம் வைக்கச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போனாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திரிகா


சைதாப்பேட்டை,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

ஜுவேரியாவுக்குப் படித்துக் காட்டினேன். "மிஷினுக்கு இருமலா வந்துடும்" என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் ஷகீலா சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். துக்க வீட்டில் சிரிப்பா என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அவரும் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

நீங்கள் காது கொடுத்துக் கேட்டதையும் படித்தேன். அந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை அக்கா.

ஒரு விஷயம். முனியம்மாளைப் பொய்க்காரி என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. அவர் வீட்டுக்குப் பழைய நாடா டப்பாக்களைக் கொண்டுவந்து எனக்கு மசாலா போட்டு வைக்கக் கொடுப்பார். அதில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டதற்காக இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனவள் அவள். வாய் மட்டும்தான் பெரிசு. தினமும் வைத்தேன் என்று அவள் சொன்னால் தினமும்தான் வைத்திருப்பாள். உங்கள் மிஷினைத்தான் இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

இங்கே எல்லாம் சீராகப் போகிறது. ஜுவேரியா அவள் அத்தாவின் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். நேற்று அவள் தோழி வந்திருந்தாள். "எங்க அம்மா போன் பண்ணப்ப அத்தா இல்லைடி, இருந்தா எடுத்திருப்பாங்க" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறையில் எனக்குக் கேட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன்.

இத்தா முடிந்ததும் நாங்கள் இருவரும் அந்த மாடிக்கு வருகிறோம். உங்களுக்குச் சமைத்து எடுத்து வருகிறேன். அசைவம் சாப்பிடுவீர்களா, மாட்டீர்களா?

உங்கள்,
ஜஹீதா


பட்டினப்பாக்கம்,
5 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜஹீதா,

இந்தக் கடிதத்தை இரண்டு வாரமாக எழுதாமல் இருந்தேன்.

நீங்கள் சொன்னதுபோல் முனியம்மாள் பொய் சொல்லவில்லை. ஊதுபத்தி தினமும் எரிந்திருக்கிறது. அது கோட்டில் ஏறிய நாட்களையும் ஏறாத நாட்களையும் பிரித்துப் பார்த்தேன். ஏறிய நாட்களில் எல்லாம் கடற்காற்று. ஏறாத நாட்களில் எல்லாம் காற்று கரையிலிருந்து கடலுக்கு. அந்தக் குட்டைச் சுவர் கடல் பக்கம் இருக்கிறது. காற்று திரும்பிவிட்டால் அங்கே எரியும் எதுவும் குழாய்க்கு வராது, நேராகக் கடல் மேல் போய்விடும். முதல் வருட மாணவிக்கும் தெரிந்த விஷயம்.

பிப்ரவரி முதல் மே வரை மாலைக் காற்று இருட்டிய பிறகும் கடலிலிருந்துதான் வரும். அதனால்தான் இரண்டும் தவறாமல் தெரிந்தன. ஜூனில் அப்படி இல்லை. ஜூன் மூன்றாம் தேதி மாலை மேற்கே எங்கோ இடி மழை. மஃரிபுக்கு முன்பே காற்று பலமாகத் திரும்பிவிட்டது. நள்ளிரவு தாண்டும்வரை கடற்காற்று வரவில்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு சிகரெட் பிடித்திருந்தாலும், ஒரு பெட்டி பிடித்திருந்தாலும் கருவிக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே இரண்டாவது ஏற்றம் இல்லை என்பதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அவர் அப்போது உயிரோடு இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம். தூங்கியிருக்கலாம். நான் உங்களுக்கு எழுதியதற்கு ஆதாரம் இல்லை.

காற்றின் திசையைப் பார்க்காமல் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. உங்களுக்கு எழுதிய அன்று பார்க்கவில்லை. அந்த மாலை கோடு முழுவதுமே கொஞ்சம் மேலே ஏறி நின்றது. ஊர்க்காற்று வந்தால்தான் அப்படி நிற்கும். கண்ணில் பட்டது. பட்டும் கடந்துபோனேன். எனக்குக் கிடைத்த பதில் நல்ல பதிலாக இருந்ததால்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ஜுவேரியா தோழியிடம் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். "சிரிக்காத மேடம் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று அவள் சொன்னதும் நினைவில் இருந்தது. அதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு எனக்குச் சரியான வாக்கியம் தெரியவில்லை.

சந்திரிகா


சைதாப்பேட்டை,
16 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. நல்லவேளை, ஜுவேரியா கல்லூரியில் இருந்தாள்.

நீங்கள் எழுதியதில் தவறு இல்லை. அவர் உங்கள் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார். அதனால்தான் உங்கள் இருவருக்கும் இத்தனை வருடம் ஒத்துப்போயிற்று. நான் உங்களைப் போன்றவள் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நான் உங்களைக் கேட்கவே இல்லையே. கேட்காததற்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபத்தில் இல்லை. அன்று காற்றைப் பார்க்காமல் விட்டது எனக்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாடியில் தனியாக, வெகுநேரம் வலியோடு கிடக்காமல் அவர் சீக்கிரம் போய்விட்டார் என்று உங்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தவர் நீங்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்காக என் வீட்டுக்கு வெளியே ஒருவர் அப்படி இருந்தார் என்பது நல்லதுதான். நாம் இருவரும் ஒரே பதிலைத்தான் தேடினோம். கிடைத்ததை நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். உங்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் மனசிலிருந்து இறக்கிவிட்டீர்கள். இறக்கி வைத்த இடம் என் வீடு.

மணி மறுபடி அடிக்கிறது. இஷா முடிந்து விரிப்பை மடிக்கும்போது. போன் என் எதிரில், அமைதியாக, சார்ஜில் கிடக்கிறது. மணி அடிக்கிறது. யாரோ பையிலிருந்து எடுத்துப் பெயரைப் பார்ப்பதுபோலச் சில நொடி நிற்கிறது. மறுபடி அடிக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன், கடைசியாக.

உங்கள் இந்தக் கடைசிக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது ஏற்றம் இல்லை என்று ஜூலையில் எழுதிய கடிதம் ஜுவேரியாவிடம் இருக்கிறது. அவளுடையது, அதை நான் கேட்கப் போவதில்லை. இதுவரை அது அவளுக்கு உண்மை. இந்த வாரத்திலிருந்து அது நான் சொல்கிற பொய். பொய் சொல்ல அவருக்குத்தான் வராது. எனக்கு வரும் என்று நினைக்கிறேன், பழக வேண்டும்.

இத்தா முடிந்ததும் நாங்கள் அந்த மாடிக்கு வர மாட்டோம். அவருடைய பொருட்களை ரூபீனாவின் மகன் வந்து வாங்கிக்கொள்வான். தயவுசெய்து இனி எழுத வேண்டாம். அடுத்த கடிதத்தை அவள் கையில் தபால்காரர் கொடுத்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று ராத்திரி அவள் கேட்டாள், "என்னம்மா, மேடம் லெட்டரே வரலையா?"

"வந்துச்சே" என்றேன்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"நல்லா இருக்காங்களாம். உன்னைக் கேட்டாங்க."

தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பரிமாறினேன்.

இப்படிக்கு,
ஜஹீதா ஷரஃபுதீன்